லெவன் பிளஸ் தேர்வில் 118: பர்சென்டைல் 88 என்றால் 88 மதிப்பெண்ணா?

இல்லை. உங்கள் மகளுக்கு 118, பர்சென்டைல் 88 என்று முடிவு வந்திருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளான கிராமர் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுதான் லெவன் பிளஸ். அதில் 118 என்பது உங்கள் மகள் சரியாக எழுதிய விடைகளின் எண்ணிக்கையும் இல்லை, சதவீதமும் இல்லை; மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடும்படி ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றிய மதிப்பெண். பொதுவாக இந்த அளவுகோலில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15. அதாவது அவள் சராசரியைவிட 18 புள்ளி மேலே இருக்கிறாள். பர்சென்டைல் 88 என்றால் ஒப்பிட்ட குழுவில் ஏறக்குறைய 88 சதவீதம் பேர் அவளுக்குக் கீழே.

பலரும் குழம்புவது இங்கேதான்: பர்சென்டைல் சீராக ஏறாது. 100 எடுத்தவர் 50வது பர்சென்டைல், 115 எடுத்தவர் 84, 130 எடுத்தவர் 98. அதே 15 புள்ளிதான், ஆனால் முதலில் 34 படி தாண்டுகிறது, அடுத்து 14 மட்டுமே. நடுவில்தான் பிள்ளைகள் நெருக்கமாகக் குவிந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு கேள்விகள் கூட அங்கே தரவரிசையை நன்றாகவே மாற்றிவிடும்.

அப்புறம் வயது. ஆகஸ்டில் பிறந்த குழந்தை, அதே வகுப்பில் செப்டம்பரில் பிறந்த குழந்தையைவிட ஏறக்குறைய ஒரு வருடம் இளையது. இருவரும் ஒரே எண்ணிக்கையில் சரியாக எழுதினால், வயதுக்கேற்ற திருத்தத்தில் இளையவருக்குக் கூடுதல் மதிப்பெண் வரும். இது சலுகை என்று சில பெற்றோர் முணுமுணுப்பார்கள். எனக்கு நியாயமாகவே படுகிறது.

சரி, 118 போதுமா? இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் தகுதி மதிப்பெண் 121, அங்கே போதாது. ஆனால் வேறு பகுதியின் 118-ஐ இதோடு ஒப்பிடாதீர்கள். தேர்வு வேறு, எழுதிய குழு வேறு. சில பள்ளிகள் தரவரிசைப்படி மேலிருந்து எடுப்பதால், அங்கே கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு நகரும்.