விதவையின் காசுக்கு முந்தின வசனம்

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு, என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தையல் வேலையில் வருவது வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இழுபறிதான். எங்கள் போதகர், "ஏழை விதவையே இரண்டு காசு போட்டாள். கடன் வாங்கியாவது விதையுங்கள், நூறத்தனையாய் அறுப்பீர்கள். வறுமை ஒரு சாபம்" என்கிறார். கைமாற்று வாங்கி இரண்டு மாதம் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்தேன். கடன்தான் ஏறியிருக்கிறது. என் விசுவாசத்தில் குறையா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை சகோதரி. உங்கள் விசுவாசத்தில் குறையில்லை. அந்தப் போதனையில்தான் குறை.

உங்கள் போதகர் மாற்கு 12ஆம் அதிகாரத்தை 41ஆம் வசனத்திலிருந்து வாசித்திருக்கிறார். ஒரு வசனம் முன்னால் போயிருக்க வேண்டும். வேதபாரகர் (யூதச் சட்டத்தைப் போதிக்கிறவர்கள்) விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள், அவர்களுக்கு அதிக ஆக்கினை உண்டு என்று 40ஆம் வசனத்தில் இயேசு சொல்கிறார். சொன்ன கையோடு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்காருகிறார். அப்போதுதான் அந்த விதவை வருகிறாள். கையில் இரண்டு காசு. கூலியாள் ஒருவனுக்கு ஒரு நாள் கூலி அன்றைக்கு ஒரு தெனாரியம். இந்த இரண்டு காசும் சேர்ந்து அதில் 64இல் ஒரு பங்கு. அவளுடைய ஜீவனத்துக்கு இருந்ததே அவ்வளவுதான். அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால், சீஷர்களில் ஒருவர் அந்த ஆலயத்தின் கற்களைப் பார்த்து வியக்கிறார். ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்கிறார் இயேசு. விதவையை அவர் மெச்சினார், சரி. ஏழை விதவைகளிடம் போய் இப்படி வாங்குங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையே!

போட்ட பிறகு கையில் என்ன மிச்சம் என்றுதான் அவர் பார்த்தார். ஐசுவரியவான்கள் நிறையப் போட்டார்கள். போட்ட பிறகும் அவர்களிடம் நிறைய இருந்தது. அப்படியானால் இந்தப் பகுதி யாரை உறுத்த வேண்டும்? மாதக் கடைசியிலும் கையில் பணம் மீந்திருக்கிற என்னைப் போன்றவர்களை. ஆக்ஸ்ஃபோர்டில் தன்னோடு கூடிய இளைஞர் ஒருவரைப் பற்றி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார் (அது அவரேதான் என்பது பொதுவான கருத்து). ஆண்டுக்கு 30 பவுன் வருமானம். 28இல் வாழ்ந்தார், 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60. அப்போதும் 28இல்தான் வாழ்ந்தார், 32ஐக் கொடுத்தார். நான்காம் ஆண்டு 120 வந்தது, 92ஐக் கொடுத்தார். வருமானம் நாலு மடங்கு ஆகியும் வீட்டுச் செலவு அந்த 28ஐத் தாண்டவில்லை. விதவையின் காசைப் பிரசங்கிக்க விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கை வசதியுள்ளவர்கள் முன்னால் வைக்கட்டும். தங்களுக்கும் போட்டுப் பார்க்கட்டும்.

தசமபாகத்துக்கு வருவோம். தசமபாகம் கொண்டுவந்தால் "வானத்தின் பலகணிகள்" திறக்கும் என்ற மல்கியாவின் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தசமபாகத்தை ஊர் வாசலிலேயே வைக்க வேண்டும். லேவியனும் (நிலப் பங்கில்லாத ஆலய ஊழியன்) பரதேசியும் (அந்நியன்) திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் அந்தச் சட்டம் சாப்பிட வரும் வரிசையில்தான் வைத்திருக்கிறது, சகோதரி.

வறுமை சாபம் என்றால் மரியாளையும் யோசேப்பையும் என்ன சொல்வது? குழந்தை இயேசுவோடு ஆலயத்துக்கு வந்தபோது அவர்கள் செலுத்திய பலி ஜோடிப் பறவைகள். ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர்களுக்கு லேவியராகமம் கொடுத்த சலுகை அது. வறுமையைப் புண்ணியமாக்கவும் நான் வரவில்லை. பசி பசிதான். ஆனால் பசித்தவளைப் பார்த்து "உன்னிடம் விசுவாசம் இல்லை" என்பது, துன்பப்பட்ட யோபுவிடம் உன் குற்றமே காரணம் என்ற அவன் நண்பர்கள் செய்த வேலை. கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது.

கடன் வாங்கிக் கொடுப்பதைப் பற்றி பவுல் ஒரே வரியில் முடித்துவிட்டார்: ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் (2 கொரிந்தியர் 8:12). அதே அதிகாரத்தில் மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலும் கொடுத்ததைப் பாராட்டுகிறார். அவர்கள் தாங்களாகவே முன்வந்தவர்கள். ஏழைக்கும் கொடுக்கிற சந்தோஷம் உண்டு, அதை நான் உங்களிடமிருந்து பறிக்க மாட்டேன். தைத்து மிஞ்சின துணியில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுங்கள், அதுவும் காணிக்கைதான். கைமாற்று வாங்கி மட்டும் இனிமேல் பெட்டியில் போடாதீர்கள். முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள்.

அப்புறம், சபை மூப்பர் ஒருவரிடம் போய், எனக்கு உதவி வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். கி.பி. 251 வாக்கில் ரோமாபுரிச் சபையின் ஆயர் கொர்நேலியு ஒரு கடிதத்தில், தங்கள் சபை 1500க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் தாங்குகிறது, ஆண்டவருடைய கிருபை அவர்களைப் போஷிக்கிறது என்று எழுதியிருக்கிறார். உங்கள் பெயரை அப்படியொரு பட்டியலில் சேர்க்க வேண்டியது உங்கள் சபையின் கடமை. போதகர் மறுத்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். அவருக்குப் பதில் எழுதவும் நான் தயார்.