ரம்புட்டான் குடுக்கும்போது முடிய பாத்து பயப்படாதீங்க, கொட்டைய கவனிங்க

மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: குலசேகரத்துல சொந்தக்காரங்க வீட்டு மரத்துல பறிச்ச ரம்புட்டான் (தொலி மேல முடி முடியா இருக்கிற பழம்) ஒரு பை நிறைய வந்திருக்கு, ஒன்றரை வயசு சின்னவளுக்கு குடுக்கலாமா, நாலு வயசு பையன் அந்த முடிய பாத்ததும் பூச்சின்னு சொல்லி ஓடுறான், என்ன செய்யலாம்?

ரெண்டு பேருக்குமே குடுக்கலாம்மா. ஆனா தொலிய உரிச்சு முழு பழத்தை மட்டும் கையில குடுத்துடாதீங்க. உள்ள இருக்கிற சதை நுங்கு மாதிரி வழுவழுன்னு இருக்கும், நடுவுல கொட்டை வேற, சின்ன பிள்ளை வாயில போட்டு சிரிச்சாலோ ஓடினாலோ அப்படியே வழுக்கி தொண்டையில போய் அடைச்சிரும். அஞ்சு வயசு வரைக்கும் நீங்களே கொட்டைய எடுத்துட்டு குடுங்க, சதையோட ஒட்டிக்கிட்டு வர்ற பேப்பர் மாதிரி தோலையும் சுரண்டி எடுத்துருங்க, அது கசக்கும், பிள்ளைங்க துப்புறதே பாதி அதனாலதான். சின்னவளுக்கு பொடிப்பொடியா நறுக்கி, உக்கார வச்சு, பக்கத்துலயே இருந்து குடுங்க.

அப்படியும் அடைச்சிட்டா? பிள்ளை சத்தமா இருமுதுன்னா இரும விடுங்க, வாய்க்குள்ள விரல விட்டு துழாவாதீங்க, அது இன்னும் உள்ள தள்ளிரும். சத்தமே வரல, மூச்சு விட முடியலன்னா உடனே குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல உள்ளங்கையால அஞ்சு தடவை பலமா தட்டுங்க, வரலன்னா பின்னால இருந்து கட்டிப்பிடிச்சு தொப்புளுக்கு மேல உள்ளயும் மேலயுமா அஞ்சு தடவை அமுக்குங்க, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி செய்யுங்க, கூட இருக்கிறவங்க 108க்கு போன் போடட்டும். ஒரு வயசுக்கு உள்ள உள்ள குழந்தைன்னா வயித்த அமுக்கவே கூடாது. பழம் குடுக்குறதுக்கு முன்னாடியே வீட்ல எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும், பாட்டிக்கும்தான்.

அடுத்தது வவ்வால். 2018ல கோழிக்கோட்டுல நிபா வைரஸ் காய்ச்சல் வந்தது ஞாபகம் இருக்கும், அந்த வைரஸ் பழந்தின்னி வவ்வால்கிட்ட இருக்குறது, நம்ம ஊரு கேரளா பார்டர்ல வேற இருக்கு. அதனால கடிச்ச தடம், நகம் கீறின தடம் இருக்கிற பழம், கீழ விழுந்து கிடந்த பழம் எல்லாத்தையும் தூக்கி போட்டுருங்க, கடிச்ச இடத்த மட்டும் வெட்டிட்டு மீதிய குடுக்குறது வேண்டவே வேண்டாம். தொலி முழுசா இருக்கிறத நல்லா கழுவிட்டு உரிங்க.

முதல் நாள் சின்னவளுக்கு பாதி பழம் போதும், பகல்ல குடுங்க, வேற புது சாப்பாடு எதையும் அன்னைக்கு சேக்காதீங்க. உதடு வீங்குது, தடிப்பு வருது, வாந்தி எடுக்குதுன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, மூச்சு இழுத்தா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காதீங்க.

பையன வற்புறுத்தாதீங்க. ஒரு புது சாப்பாட்ட பிள்ளைங்க ஏத்துக்க பத்து தடவைக்கு மேல கூட ஆகலாம், அது பிடிவாதம் இல்ல, அந்த வயசோட இயல்பு. முடிய தொட்டு பாக்கட்டும், நீங்க கீறி விடுங்க, அவன் பிதுக்கி பழத்த வெளிய எடுக்கட்டும், நீங்க அவன் முன்னால ரசிச்சு தின்னுங்க, அவன் நக்கி பாத்துட்டு வச்சாலும் சரின்னு விடுங்க. அவனுக்கு பிடிச்ச மட்டி வாழைப்பழத்த ஒரே தட்டுல பக்கத்துல வச்சா இன்னும் நல்லது.

பையில பச்சையா இருக்கிறது பழுக்கட்டும்னு எடுத்து வைக்காதீங்க, ரம்புட்டான் பறிச்ச பிறகு பழுக்காது, புளிப்பாவேதான் இருக்கும், முதல் தடவையே அந்த புளிப்ப தின்னா பையன் மறுபடி கிட்டயே வரமாட்டான்.