மோட்டாரை நிறுத்தும் கருவி, திறந்த குழாயை மூடாது

கேள்வி: ஐயா, எனக்கு வயது 64. பாளையங்கோட்டையில் மாடியில் நான் இருக்கிறேன். கீழ்வீட்டை 9,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் காலையில் தண்ணீர் வரவில்லை. குளியலறைத் தொட்டிக் குழாயைத் திறந்து பார்த்தவள் மூட மறந்துவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டுச் சற்றுப் படுத்தேன், அயர்ந்துவிட்டேன். ஐந்து மணிக்குக் கீழ்வீட்டுத் தம்பி கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) இருக்கும் தொட்டி வழிந்தது போகட்டும், குளியலறைத் தொட்டியும் வழிந்து அறையெல்லாம் வெள்ளம். கீழே அவருடைய கூடத்தில் மின்விசிறி மாட்டியிருக்கும் இடத்திலிருந்து குழாய் திறந்ததுபோல் கொட்டியிருக்கிறது. வயரிங் 6,000, பூச்சும் பெயின்டும் 15,000 என்கிறார்கள். நனைந்த டிவிக்கு அவர் 17,000 கேட்கிறார். இன்னும் நான்கு மாதத்தில் முதிரும் ஓராண்டு டெபாசிட் 2 லட்சம் இருக்கிறது. அதை உடைத்துவிடலாமா?

இனி இப்படி நடக்கக் கூடாது என்று கடையில் விசாரித்தேன். தண்ணீர் நிறைந்தால் மணியடிக்கும் சாதாரண அலாரம் 450 ரூபாய். நிறைந்ததும் தானே மோட்டாரை நிறுத்தி, பெங்களூரில் இருக்கும் மகனுக்கும் செய்தி அனுப்பும் கருவி 14,500 ரூபாய். மாதம் 500 ரூபாய் மிச்சமாகும், 29 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். மகனும் அதையே வாங்கச் சொல்கிறான். என்ன செய்ய?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, அந்த 14,500 ரூபாய்க் கருவி அன்றைக்கு உங்கள் வீட்டில் இருந்திருந்தாலும் கீழ்வீடு நனைந்துதான் இருக்கும். மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்தக் கருவியின் கண் தட்டட்டித் தொட்டியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும். குறைந்தால் மறுபடி போடும். உங்கள் குளியலறைக் குழாய் திறந்து கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மோட்டார் நின்ற பிறகும் மேலே இருக்கும் தண்ணீர் அந்தக் குழாய் வழியே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். மேலே குறையக் குறையக் கருவி மோட்டாரைப் போட்டு நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்களாவது மோட்டாரை ஒரு முறைதான் போட்டீர்கள்.

அடுத்து, மாதம் 500 ரூபாய் மிச்சம் என்ற கணக்கு. 1 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட். தினமும் தொட்டி நிறைந்தபின் பத்து நிமிடம் வீணாக ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 10 யூனிட். மின்வாரியத்தின் இரு மாதக் கணக்கில் ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்கு மேல் உங்களைப் போன்ற சிறு குடும்பத்துக்கு இந்த 10 யூனிட் 100 ரூபாய்கூட ஆகாது. மாதத்துக்கு 50 ரூபாய்க்கும் கீழே. 14,500 ரூபாய் திரும்பிவர இருபத்து நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் கருவியை நாலு தடவை மாற்றியிருப்பீர்கள். (ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி வருகிற வீடு என்றால் மட்டும் கவனம் வேண்டும். 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டண விகிதமும் சேர்ந்து மாறுகிறது. பில்லில் சில நூறு ரூபாய் ஏறிவிடும்.)

அன்று நடந்ததையும் ரூபாயில் பார்த்துவிடுவோம். மூன்று மணி நேர மோட்டார், 3 யூனிட். சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு 12 லிட்டர் விழுகிறது என்றால் மூன்று மணி நேரத்தில் 2,160 லிட்டர். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டரை அடி ஆழமுள்ள சிமென்ட் தொட்டி என்றால் 566 லிட்டர் கொள்ளும். முக்கால் மணி நேரத்தில் நிறைந்துவிடும். மீதி 1,600 லிட்டர் தரையில். மின்சாரமும் தண்ணீரும் சேர்த்து நஷ்டம் சில பத்து ரூபாய்தான். கீழே விளைந்ததோ 38,000 ரூபாய். ஆகவே தினசரி மிச்சத்தைப் பார்த்துக் கருவி வாங்காதீர்கள். எந்தப் பொருள் அந்த ஒரு மதியத்தைத் தடுத்திருக்கும் என்று பாருங்கள்.

நம் பக்கத்துக் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. எந்தக் குளத்துக்காவது மறுகால், அதாவது உபரித் தண்ணீர் வெளியேறும் வழி, இல்லாமல் கரை போட்டிருக்கிறார்களா? பெருகினால் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கரை கட்டும்போதே தீர்மானித்தார்கள். நிறைந்துவிட்டது என்று ஆள் வந்து சொல்லக் காத்திருக்கவில்லை. உங்கள் குளியலறைத் தொட்டிக்கு மறுகால் இல்லை. விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே ஒரு துளை போட்டு, ஒன்றரை அங்குலக் குழாயைச் செருகி, அதன் வாயைத் தண்ணீர் வெளியேறும் சல்லடை மூடியின் மேல் இறக்கிவிடச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. துளையைச் சுற்றி நீர் கசியாத கலவையைப் பூசச் சொல்ல மறக்க வேண்டாம்.

இரண்டாவது, மிதவை வால்வு. கடையில் ஃப்ளோட் வால்வு என்று கேளுங்கள். சில நூறு ரூபாய்தான். தண்ணீர் ஏற ஏறப் பந்து மேலே வந்து குழாயைத் தானே அடைத்துவிடும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், நீங்கள் வீட்டில் இருக்கவும் வேண்டாம். கல்லிடைக்குறிச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாலும் அது தன் வேலையைப் பார்க்கும். தொட்டிக் குழாயில் ஒன்று மாட்டியிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது.

இவ்வளவும் செய்த பிறகு 450 ரூபாய் அலாரம் எதற்கு என்று கேட்பீர்கள். வாங்குங்கள். வால்வில் மண் சிக்கிக்கொள்ளும், மறுகால் குழாயில் சோப்புக் கட்டி அடைக்கும். அன்றைக்கு அலாரம்தான் உதவிக்கு வரும். அது எளிமையான பொருள். இரண்டு கம்பிகள் தொங்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் அதன் வழியே துளி மின்சாரம் ஓடி மணி அடிக்கும். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். குளியலறைக்குள் பிளக்கில் சொருகும் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

மாட்டும்போது மூன்று விஷயம். கம்பி நுனியை விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே நிறுத்துங்கள். நான் சொன்ன அளவுள்ள தொட்டியில் அந்த மூன்று அங்குலம் 56 லிட்டர், ஏறக்குறைய ஐந்து நிமிடம். முட்டி வலியோடு எழுந்து நடந்து போய்க் குழாயை மூட அது போதும். மறுகால் குழாய் போட்டுவிட்டால் கம்பியை அந்தத் துளையின் மேல்மட்டத்தில் வையுங்கள். குழாய் அடைத்துத் தண்ணீர் அதைத் தாண்டினால் மட்டும் மணி கேட்கும். பெட்டியைக் குளியலறையில் மாட்டாதீர்கள். வயரை நீட்டி, படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். கதவு சாத்தியிருந்து, கூடத்தில் டிவித் தொடர் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே அடிக்கும் மணி யார் காதிலும் விழாது. பிறகு, ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் கம்பியில் வெள்ளையாக உப்புப் படியும். மாதம் ஒரு முறை புளியைத் தேய்த்துக் கழுவி, ஒரு தம்ளர் தண்ணீரில் முக்கி மணி அடிக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் ஒரே மெட்டு அலாரம். ஒன்று அலறினால் மூன்று வீட்டுக்காரர்களும் மாடிப்படியில் ஓடுகிறோம். அக்கம்பக்கத்தில் கேட்காத மெட்டாகத் தேர்ந்தெடுங்கள்.

இனிப் பணம். டெபாசிட்டை உடைக்க வேண்டாம். இன்றைக்கே 38,000 தேவைப்படுகிறது என்று நினைக்கிறீர்கள். உண்மையில் 6,000தான் தேவை. வயரிங்கை உடனே பாருங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. கூரைக்குள் வயர் போகும் குழாய் வழியாகத்தான் தண்ணீர் மின்விசிறி வரை வந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்லும்வரை அந்த அறையின் சுவிட்சுகளைத் தொட வேண்டாம் என்று கீழ்வீட்டில் சொல்லிவிடுங்கள். பூச்சையும் பெயின்டையும் இப்போது செய்யவே கூடாது. ஈரம் காயாத கூரையில் அடித்த பெயின்ட் செதில் செதிலாக உரிந்துவிடும். அதே 15,000-ஐ இரண்டாம் முறையும் கொடுப்பீர்கள். பெயர்ந்து தொங்கும் பூச்சை மட்டும் தட்டி எடுத்துவிட்டு, இரண்டு மாதமாவது காய விடுங்கள். பருவமழைக் காலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம்.

இரண்டு மாதம் கழித்து 15,000 கையில் இல்லையென்றால் டெபாசிட்டின் பேரில் கடன் வாங்குங்கள். டெபாசிட்டுக்கு 7.5 சதவீத வட்டி, கடனுக்கு அதைவிட 1 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், டெபாசிட்டுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருப்பதால் உங்களுக்கு உண்மையான செலவு அந்த 1 சதவீதம்தான். 15,000 ரூபாய்க்கு இரண்டு மாதத்தில் 25 ரூபாய். முன்கூட்டியே உடைத்தால் எத்தனை மாதம் இருந்ததோ அதற்குரிய வட்டிதான் தருவார்கள். அதிலும் 1 சதவீதம் பிடித்தால், எட்டு மாதத்துக்கு 2 லட்சத்தில் 1,333 ரூபாய் போகும். வங்கிக்கு வங்கி விகிதம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எது லாபம் என்பது மாறாது.

பூச்சு வேலையைப் பாதியாவது வாடகைக்காரர் தலையில் கட்டலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில், கட்டடப் பழுதும் வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாசர் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. சட்டம் கிடக்கட்டும், வழிந்தது உங்கள் தொட்டி.

வருமான வரியில் இந்தச் செலவைக் கழிக்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, மகன் கேட்பார். முடியாது. வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தை, நீங்கள் செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும், மொத்தமாகக் கழிக்கிறார்கள். ஆண்டு வாடகை 1,08,000 என்றால் 32,400. அதற்குமேல் பழுதுபார்ப்புக்கு என்று தனியாக எதுவும் இல்லை.

அந்த 14,500-ல் ஒரு பகுதியை வீட்டுக் காப்பீட்டுக்குக் கொடுத்தால் நான் ஒப்புக்கொள்வேன். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தருகின்றன. தீ, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு, தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பது, வழிவது ஆகியவற்றால் வரும் சேதமும் அதில் அடங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் ஊர் பட்ட பாட்டுக்குப் பிறகு, வெள்ளத்துக்காகவாவது அது தேவை என்று உங்களுக்கே தெரியும். நிலத்தின் விலையைச் சேர்க்காமல் கட்டுமானச் செலவுக்கு மட்டும் எடுங்கள். 30 லட்சத்துக்கு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், 6 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துவிடும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். சாமான் என்றால் உங்கள் சாமான். கீழ்வீட்டு டிவி அதில் வராது, அவர் தம் பொருளுக்குத் தனியாக எடுக்க வேண்டும். நடந்து முடிந்ததற்கும், பல மாதமாக ஊறிக்கொண்டிருந்த கசிவுக்கும் கேட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக அந்த டிவி. 17,000 என்பது புதியதன் விலையா, அவருடைய பழைய பெட்டியின் விலையா? நன்றாகக் காயும்வரை அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள்; காய்ந்தபின் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை மாற்றினால் ஓடலாம். ஓடவில்லையென்றால், எத்தனை ஆண்டு பார்த்த பெட்டி என்று கேட்டு, அதற்கேற்ப ஒரு தொகையை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அதை ரொக்கமாகத் தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த மாதம் எவ்வளவு கழித்தது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வரிக் கணக்கில் அந்த மாதங்களுக்கும் வாடகை முழு 9,000தான். நல்ல குடித்தனக்காரர் என்று தெரிகிறது. சத்தம் போடாமல் கதவைத் தட்டியிருக்கிறார்.

ஒன்று விட்டுப்போனது. குளியலறையில் 1,600 லிட்டர் கொட்டினாலும் தரைச் சல்லடை அதை வாங்கியிருக்க வேண்டும். ஏன் வாங்கவில்லை? முடி அடைத்திருக்கும், அல்லது வாளியை அதன் மேலேயே வைத்திருப்பீர்கள். கொத்தனார் வருகிற நாளில் அந்த மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.