எக்மோர் வரைக்கும் போகாதீர்கள், தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள்

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 62. மதுரை விளாங்குடியில் இருக்கிறோம். மகளும் மாப்பிள்ளையும் சென்னை மாடம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோயிருக்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப்போக ஆள் இல்லை. பத்து நாள் தங்கலாம் என்று இருக்கிறோம். ரயிலா பஸ்ஸா, எங்கே இறங்குவது, அங்கே பொழுது எப்படிப் போகும்? மெரினாவும் பார்க்க ஆசை. மனைவிக்கு மூட்டு வலி உண்டு.

அய்யா, நீங்கள் போவது சென்னைக்கு இல்லை, தாம்பரத்துக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டாலே உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். 2021 நவம்பரில் தாம்பரம் தனி மாநகராட்சி ஆனபோது மாடம்பாக்கம் அதோடு சேர்ந்தது. சென்னை மாநகராட்சி அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

மதுரையில் பல வருஷம் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். "மெட்ராஸுக்கு ரெண்டு" என்று படிவத்தை நீட்டுவார்கள், போகுமிடம் எழும்பூர் என்று இருக்கும். "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று பதில் வரும். தாம்பரத்தில் நின்றுவிட்டுப் போகிற வண்டியில் உட்கார்ந்தபடியே எழும்பூர் வரை போய், அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயினில் 25 கிலோமீட்டர் திரும்பி வருவார்கள். பிறரைச் சொல்வானேன், என் தங்கச்சி வீட்டுக்கு முதல்முறை போனபோது நானும் அதையேதான் செய்தேன். கவுண்டருக்கு உள்ளே இருக்கிற ஆளுக்கே அந்தப் புத்தி!

சரி, வண்டிக்கு வருவோம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்கு மேல் மதுரையில் கிளம்புகிறது. படுத்துக்கொண்டு போகலாம். ஆனால் விடிவதற்கு முன்பே தாம்பரம் வந்துவிடும். அழைக்க ஆள் இல்லாத வீட்டுக்கு, அந்த இருட்டில் மூட்டு வலியோடு இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மகளும் மாப்பிள்ளையும் காலை வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பார்கள், நீங்கள் போய்க் கதவைத் தட்டுவீர்கள். அதனால் வைகை எக்ஸ்பிரஸைத்தான் சொல்வேன். 1977 முதல் ஓடுகிற வண்டி, காலையில் கிளம்பினால் பகல் ஒன்றரை மணிவாக்கில் தாம்பரம். ஏழு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது உண்மை. ஆகவே சாதாரண இருக்கை வேண்டாம், ஏசி சேர் கார் போடுங்கள். வீட்டம்மா மணிக்கொரு தரம் எழுந்து பெட்டிக்குள்ளேயே நாலடி நடக்கட்டும். செங்கல்பட்டு ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டி கொளவாய் ஏரி பரந்து கிடக்கும். அதைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் வையுங்கள், இன்னும் அரை மணி நேரம்போலத்தான் இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் காசு பரவாயில்லை என்றால் திருநெல்வேலியிலிருந்து வரும் வந்தே பாரத்தும் தாம்பரத்தில் நிற்கும். உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், படுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மட்டும் பாண்டியன்.

பாண்டியனில் போடுவதாக இருந்தால் கீழ் பெர்த் விஷயம் ஒன்று. 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது செல்லும். துணைக்கு வருகிற பேரனையும் சேர்த்து மூன்று பேராக ஒரே டிக்கெட்டில் போட்டால் ஒதுக்கீடு போய்விடும், அப்புறம் மேல் பெர்த்தைப் பார்த்துக்கொண்டு டிடிஆரிடம் கெஞ்ச வேண்டியதுதான். பேரனுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது, அதை எதிர்பார்க்காதீர்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். போகிற டிக்கெட்டைப் போட்ட கையோடு, திரும்புகிற டிக்கெட் திறக்கிற நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பஸ் உங்களுக்கு வேண்டாம். மாட்டுத்தாவணியில் ஏறினால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பெரிய நிலையம், வண்டலூரை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து தாம்பரத்துக்கு டவுன் பஸ் உண்டு. வாலிபப் பிள்ளைகள் என்றால் அதுவே போதும் என்பேன். ராத்திரி முழுக்க முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பாத்ரூமுக்கு டிரைவர் எப்போது நிறுத்துவார் என்று காத்திருக்கிற வயது உங்களுக்கு இல்லை. செலவு பரவாயில்லை என்றால் மதுரையிலிருந்து விமானம்கூட யோசிக்கலாம். திரிசூலத்தில் இருக்கும் ஏர்போர்ட், எழும்பூரைவிட மாடம்பாக்கத்துக்கு மிகப் பக்கம்.

தாம்பரத்தில் இறங்கியதும்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டேஷனுக்கு இரண்டு முகம். மேற்கே போனால் ஜி.எஸ்.டி. சாலை, பஸ், கடை, இரைச்சல். சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் கிழக்குப் பக்கம். கூட்டம் போகிற போக்கில் போனால் பெரும்பாலும் மேற்கில் கொண்டுபோய் விட்டுவிடும். செல்போன் ஆப்பில் ஆட்டோ கூப்பிட்டாலும் அது மேற்கு வாசலில் வந்து நின்றுகொண்டு "எங்க சார் இருக்கீங்க?" என்று கேட்கும். ஆகவே நடைமேடையில் பெஞ்சில் உட்காருங்கள், கூட்டம் கலையட்டும். போர்ட்டரிடமோ டீக்கடையிலோ "கிழக்குத் தாம்பரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டு மேம்பாலம் ஏறி, வெளியே வந்து, நின்ற இடத்தில் இருந்து ஆட்டோவைக் கூப்பிடுங்கள். அங்கிருந்து மாடம்பாக்கம் ஐந்து கிலோமீட்டர்தான். படி ஏற முடியாது என்றால் சக்கர நாற்காலி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொரு குழப்பம். மாடம்பாக்கம் இரண்டு இருக்கிறது. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஆதனூரை ஒட்டி ஒன்று. நீங்கள் போக வேண்டியது சேலையூரைத் தாண்டி இருப்பது, பின்கோடு 600126. ஆப்பில் வெறுமனே மாடம்பாக்கம் என்று தட்டினால் எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு அந்தப் பகுதி முழுக்க ஏதாவது ஒரு நகர், அதில் ஒரு முதல் மெயின் ரோடு, இரண்டாவது குறுக்குத் தெரு. அடுத்த நகரிலும் அதே முதல் மெயின் ரோடு, அதே குறுக்குத் தெரு. மகளிடம் லொகேஷனை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கோயில், எந்த மளிகைக் கடை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சீட்டு இருக்கும்.

எப்போது போவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை அங்கே வடகிழக்கு மழை. ஏரிகளுக்கு நடுவே எழுந்த பகுதி அது. சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் பக்கத்தில் ஓர் ஏரி இருக்கும். பலத்த மழை பெய்தால் சில தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும், 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் பட்டது ஊருக்கே தெரியும். மே மாதமும் வேண்டாம். நம் ஊர் வெயில் காய்ந்த வெயில், நிழலுக்கு வந்தால் ஆறிவிடும். அங்கே நிழலிலும் சட்டை நனையும். பொங்கல் கூட்டம் முழுக்க ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி நல்லது. காணும் பொங்கல் முடிந்த கையோடு கிளம்ப நினைத்தால் சென்னை திரும்புகிற மொத்த ஜனத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

பொழுது எப்படிப் போகும் என்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாள் கஷ்டம். ராத்திரி பதினோரு மணிக்கும் இட்லிக் கடையில் ஆவி பறக்கிற ஊரிலிருந்து போகிறீர்கள். அங்கே ஒன்பதரைக்குத் தெரு அடங்கிவிடும். காலையில் கேட்டில் தொங்குகிற பையில் ஆவின் பால் வந்து விழும், எட்டரை மணிக்குள் வேலைக்குப் போகிற அத்தனை வண்டியும் வெளியேறிவிடும். அதற்கப்புறம் காக்கா சத்தமும் எங்கோ சுவர் துளைக்கிற டிரில்லர் சத்தமும்தான். மூன்றாம் நாள் தெருமுனை அயர்ன் கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டுகொள்வார், பிறகு கவலையில்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் வாய் திறக்காதீர்கள். குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர், உப்புக் கரிக்கும். குடிப்பதற்கு கேன் போடுவார்கள். "நம்ம ஊர்த் தண்ணி மாதிரி வருமா" என்று மாப்பிள்ளை காதில் விழச் சொல்லிவிட்டால் பத்து நாளும் அதே பேச்சுத்தான்.

நடந்து போகிற தூரமோ சின்ன ஆட்டோ சவாரியோ, தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு ஒரு சாயந்திரம் ஒதுக்குங்கள். மீனாட்சி கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு முதலில் சின்னதாகத்தான் தெரியும். வாசலோடு நின்றுவிடாமல் பின்பக்கம் சுற்றிப் போய்க் கருவறையின் முதுகைப் பாருங்கள். சதுரமாக இல்லாமல், படுத்திருக்கும் யானையின் பின்பக்கம் போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று இதற்குப் பெயர். சோழர் காலக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தேனு என்றால் பசு. கபில முனிவர் பசுவாகப் பிறந்து பால் சொரிந்து வழிபட்ட இடம் என்பது தலபுராணம். லிங்கம் மிகச் சிறியது, குளம்பு பட்ட தழும்பு என்று குருக்கள் காட்டுவார். முன்மண்டபத் தூணில் சரபேஸ்வரர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில், அதாவது நாலரை முதல் ஆறு வரை, அவருக்குக் கூட்டம் சேரும். நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள் போங்கள்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை. நூற்றுக்கணக்கான ஏக்கர் காடு அது. நடக்கப் பார்க்காமல் பேட்டரி வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடல். தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் கடைசி ஸ்டேஷன் பெயர் சென்னை பீச். பெயரை நம்பிப் போய் ஏமாந்த மதுரைக்காரர்கள் எத்தனையோ பேர். அங்கே இறங்கினால் எதிரே இருப்பது துறைமுகத்துச் சுவர், மணல் இல்லை. மெரினாவுக்குப் போக பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, திருவல்லிக்கேணியில் இறங்கி நடக்க வேண்டும். பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் படிக்கட்டு அதிகம். மூட்டு வலிக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். கிண்டியிலோ சைதாப்பேட்டையிலோ இறங்கி ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு முதல் பத்தரை வரை ஊருக்குள் போகிற ட்ரெயினில் கால் வைக்க இடமிருக்காது. பதினொரு மணிக்கு ஏறி, நாலு மணிக்குள் திரும்பி ஏறிவிட்டால் இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். டவுன் பஸ்ஸில் ஏற நேர்ந்தால் நம் ஊரைப் போலவே அங்கேயும் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது.

மெரினா என்ற பெயருக்காகத்தான் போக வேண்டும் என்றில்லாமல் கடலைப் பார்த்தால் போதும் என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஞாயிறு அதிகாலை மாப்பிள்ளை காரில் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் அக்கரை என்கிற இடத்தில் கடல். இருபது கிலோமீட்டருக்குள்தான் வரும். ஏழு மணிக்கு முன்பு போனால் மீன்பிடிப் படகுகளும் நாலைந்து நடைப்பயிற்சிக்காரர்களும் மட்டுமே இருப்பார்கள். அலையில் கால் நனைக்கலாம், இறங்க வேண்டாம். அந்தக் கரையில் உள்ளிழுப்பு அதிகம்.

கையில் என்ன கொண்டுபோவது? மல்லிகைதான், வேறென்ன. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் தொடுத்த சரமாக வாங்காமல் உதிரி மொட்டாக வாங்குங்கள். முதல் நாள் மத்தியானம் வாங்கிய மொட்டு இரவே விரிந்துவிடும், கிளம்புகிற அன்றைக்கு வாங்கியது வேண்டும். பாலித்தீன் கவரில் தண்ணீர் தெளித்துக் கட்டினால் வெந்து பழுப்பேறிவிடும். ஈரம் ஒற்றிய வாழையிலையில் பொதிந்து, மேலே துணிப்பையில் தளர்வாக வையுங்கள். தாம்பரத்தில் அவிழ்க்கும்போது மொட்டு மொட்டாகவே இருக்கும். மகள் கையில் கொடுத்தால் சாயந்திரம் அவளே கட்டுவாள்.

திரும்பி வருகிற டிக்கெட்டை தாம்பரத்திலிருந்தே போடுங்கள். எழும்பூரிலிருந்து போட்டுவிட்டால் ஏறுமிடத்தை முன்கூட்டியே தாம்பரம் என்று மாற்றிவிடுங்கள். மாற்றாமல் தாம்பரத்தில் போய் நின்றால் உங்கள் இடம் வேறொருவருக்குப் போயிருக்கலாம். வண்டி அங்கே சில நிமிஷம்தான் நிற்கும். உங்கள் பெட்டி நடைமேடையில் எங்கே வரும் என்று அரை மணி முன்பே பார்த்து அந்த இடத்தில் போய் நில்லுங்கள். வீட்டம்மாவை முதலில் ஏற்றிவிட்டு, பைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்து, கடைசியாக நீங்கள் ஏறுங்கள்.