எந்த சாஃப்ட்பால் லீக்கில் சேர்ப்பது?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். பெரிய மகளுக்கு 10 வயது, சின்னவளுக்கு 7. இருவருக்கும் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) ஆட ஆசை. எங்களுக்குக் கிரிக்கெட்தான் தெரியும். ஊர் ரெக்ரியேஷன் துறையின் லீக், பக்கத்திலேயே லிட்டில் லீக் (ஊர் ஊராகக் கிளைகள் உள்ள சிறுவர் விளையாட்டு அமைப்பு), டிரைஅவுட்டுக்கு (தேர்வுக்கு) வரச் சொல்லும் ஒரு டிராவல் அணி என மூன்று இருக்கின்றன. இருவரையும் ஒரே இடத்தில் சேர்க்கலாமா? எதில்?

பதில்: டிராவல் அணியை இந்த வருடம் விட்டுவிடுங்கள். இதுவரை ஆடியே பழகாத பெண், வாரக் கடைசி முழுக்க டோர்னமென்ட் ஆடும் அணியில் சேர்ந்தால் பெஞ்சில் உட்காரும் நேரம்தான் அதிகமாக இருக்கும். ரெக் லீக்கோ (ஊர் ரெக்ரியேஷன் துறையின் லீக்) லிட்டில் லீக்கோ, இருவருக்கும் அதுவே சரி. இந்த இரண்டில் எது என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 10 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பந்தை யார் வீசுகிறார்கள் என்று கேளுங்கள். லீக்கின் தரம் பெரும்பாலும் அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

காரணம் இதுதான். சின்னவள் ஆடப்போகும் 8-யூ (8 வயதுக்குட்பட்டோர்) பிரிவில் கோச் வீசுவார், அல்லது மெஷின் வீசும். பந்து அடிக்கத் தோதாக வரும். பிள்ளைகள் அடிப்பார்கள், ஓடுவார்கள். 10-யூ பிரிவில் பெண்களே வீச ஆரம்பிக்கிறார்கள். கையை முழு வட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து விடும் விண்ட்மில் பிட்ச் அது. தூரம் 35 அடி, பந்தின் சுற்றளவு 11 அங்குலம். அந்த வயதில் தொடர்ந்து ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) போடத் தெரிந்த பெண்கள் ஒரு லீக்கில் சிலர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் வீசும்போது 'பால்' மேல் 'பால்' (கிரிக்கெட் வைடு மாதிரிதான்) விழும். நான்கு விழுந்தால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடுவாள்; இதுதான் 'வாக்'. இப்படி ஒரு இன்னிங்ஸ் முழுக்க நடந்தால் பேட் பிடித்தவள் பேட்டைச் சுழற்றவே மாட்டாள், ஃபீல்டில் நிற்பவளுக்குப் பந்தே வராது. ஆர்வத்தோடு வந்த பிள்ளை 'போர் அடிக்குது' என்று சொல்வது இந்த வயதில், இந்தக் காரணத்தால்தான்.

நல்ல லீக் இதற்கு விதி வைத்திருக்கும். நான்காவது 'பால்' ஆனதும் கோச் வந்து மிச்சத்தை வீசுவது ஒரு வழி. ஒரு இன்னிங்ஸுக்கு 5 ரன்னுக்கு மேல் கிடையாது என்பது இன்னொன்று. ஸ்டீலிங்குக்குக் (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது) கட்டுப்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் வாக் வாங்கியவள் அடுத்த சில பந்துகளில் மூன்றாம் பேஸில் நிற்பாள். குளிர்காலத்தில் ஜிம்முக்குள் பிட்சிங் பயிற்சி நடத்துகிறார்களா என்றும் கேளுங்கள். அதை நடத்தும் லீக்கில் அடுத்த சீசனுக்குள் வீசத் தெரிந்த பெண்கள் கூடிவிடுவார்கள்.

அடுத்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆட எவ்வளவு வாய்ப்பு என்பது. லிட்டில் லீக்கின் விதிப்புத்தகப்படி, வழக்கமான சீசன் ஆட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பெண் குறைந்தது 6 அவுட்டுக்கு ஃபீல்டில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் செய்ய வேண்டும். ஊர் லீக்கில் இதற்கு ஈடான விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக பேட் செய்வது என்று வைத்திருந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் இலையுதிர் சீசன் ஆட்டம் ஒன்றை இரண்டு இன்னிங்ஸ் நின்று பாருங்கள். ஒரே பெண்தான் எப்போதும் பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டில் நிற்கிறாளா, தவறவிட்டவளிடம் கோச் என்ன சொல்கிறார் என்பதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது.

வயதுக் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். பிரிவு என்பது பெரும்பாலும் பள்ளி வகுப்பை வைத்து அல்ல. சில அமைப்புகள் ஜனவரி 1 அன்றைய வயதையும், சில செப்டம்பர் 1 அன்றைய வயதையும் எடுத்துக்கொள்கின்றன. பெரியவளின் பிறந்தநாள் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் வந்தால், ஒரு லீக்கில் 10-யூவும் இன்னொன்றில் 12-யூவும் ஆகலாம். 12-யூவில் பந்து 12 அங்குலம், பிட்சிங் தூரம் 40 அடி; எதிரில் நிற்பவர்கள் மூன்று நான்கு வருடம் ஆடியவர்களாக இருப்பார்கள். புதிதாக ஆரம்பிப்பவளுக்கு அது கஷ்டம். பெரியவளை எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று பிறந்த தேதியைச் சொல்லிக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

இருவரையும் ஒரே அமைப்பில் சேர்ப்பது வசதிதான். உடன்பிறந்தோர் தள்ளுபடி கிடைக்கலாம், மைதானமும் ஒன்றாக இருக்கும். ஆனால் பிரிவு வேறு என்பதால் பயிற்சி நாளும் வேறாகவே வரும். ரெக் ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியும் அன்றே என்றால் பதிவுப் படிவத்தின் குறிப்புப் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். அணி பிரித்த பிறகு மாற்றித் தருவது அபூர்வம்.

வசந்த சீசன் பதிவு பல ஊர்களில் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். மார்ச்சில் விசாரித்தால் காத்திருப்போர் பட்டியல்தான். லிட்டில் லீக்குக்கு எல்லை உண்டு. உங்கள் வீடோ மகளின் பள்ளியோ அதற்குள் இருக்க வேண்டும். வயதுச் சான்றோடு முகவரிச் சான்று மூன்று, அல்லது பள்ளியில் படிப்பதற்கான சான்று கேட்பார்கள். கட்டணம் கட்ட முடியாததைக் காரணம் காட்டி லிட்டில் லீக்கில் பிள்ளையைச் சேர்க்காமல் விடக் கூடாது என்பதும் அவர்கள் விதி. சிரமத்தில் இருக்கும் குடும்பங்கள் கேட்கத் தயங்க வேண்டாம்.

கட்டணத்துக்கு வெளியே வருபவற்றையும் விசாரியுங்கள்: பெற்றோர் தன்னார்வ வேலைக்கான முன்பணக் காசோலை (ஸ்நாக் கடையில் உங்கள் முறைக்கு நிற்காவிட்டால் அதை வங்கியில் போட்டுவிடுவார்கள்), நிதி திரட்ட விற்கச் சொல்லும் சீட்டுகள், சீருடையில் எது சேர்த்தி, எது தனி. கோச்சுகள் எல்லோருக்கும் வருடந்தோறும் பின்னணிச் சோதனை நடக்கிறதா என்பதற்கு உடனே 'ஆம்' என்று பதில் வராத லீக்கில் பிள்ளையை விடாதீர்கள்.

கேள்வி: 10 வயது மகளுக்கு அண்ணனின் பேஸ்பால் கிளவுஸும் பேட்டும் போதுமா? கடையில் 300 டாலர் பேட்டைக் காட்டுகிறார்கள்.

பதில்: இரண்டுமே சரிப்படாது. பேஸ்பால் பந்து 9 அங்குலச் சுற்றளவு; அதற்குத் தைத்த கிளவுஸின் குழியில் 11 அங்குலப் பந்து நிற்காது. பிடித்த பந்து நழுவும்போது தனக்குப் பிடிக்கவே வராது என்று பிள்ளை நினைத்துவிடுவாள். சாஃப்ட்பாலுக்கென்றே செய்த, 11 முதல் 11.5 அங்குலம் வரையிலான கிளவுஸ் வாங்குங்கள். கையில் போட்டு அவளே மூடித் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். தோல் விறைப்பாக இருந்தால் விலை எவ்வளவு உயர்ந்தாலும் வேண்டாம்.

பேட்டில் 'ஃபாஸ்ட்பிட்ச்' என்று இருக்க வேண்டும். பீப்பாயின் (பேட்டின் தடித்த பகுதி) விட்டம் 2¼ அங்குலம். ஸ்லோபிட்ச் (பந்தை மெதுவாக வீசும் சாஃப்ட்பால் வகை) பேட்டும் ஆகாது. உங்கள் லீக் ஏற்கும் சான்று முத்திரை எது என்று கேட்டு, அது பேட்டிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால் அம்பயர் எடுத்து வைத்துவிடுவார். ஆரம்பிப்பவளுக்கு 28 அல்லது 29 அங்குலம், 'டிராப்' 11 அல்லது 12 போதும். டிராப் என்பது நீளத்துக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசம்: 28 அங்குல பேட், டிராப் 11 என்றால் 17 அவுன்ஸ். கையைப் பக்கவாட்டில் நீட்டி பேட்டை இருபது எண்ணும் வரை பிடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கித் தாழ்ந்தால் கனம் அதிகம். முதல் வருடத்துக்குச் சாதாரண அலுமினிய பேட்டே நன்றாக உழைக்கும். 300 டாலர் காம்போசிட் (நார்க்கலவையில் செய்த) பேட் குளிரான நாளில் விரிசல் விடக்கூடும், பழையதாக வாங்கினால் வாரண்டியும் பெரும்பாலும் வராது.

மிச்சப்படுத்திய பணத்தை முகத்துக்குச் செலவிடுங்கள். கம்பி முகமூடி பொருத்திய பேட்டிங் ஹெல்மெட் ஒன்று, ஃபீல்டிங்குக்கு முகக்கவசம் ஒன்று. லீக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய உள்பகுதியில்) நிற்கும் பெண் முகக்கவசம் இல்லாமல் நிற்கக் கூடாது. ஷூவில் ரப்பர் கிளீட் (அடியில் உள்ள முள்). உலோகக் கிளீட் இந்த வயதுப் பிரிவுகளில் அனுமதி இல்லை. கேட்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி) கவசங்களை வாங்காதீர்கள், ரெக் அணிகளில் அவை பொதுவாக அணியின் பையோடு வரும்.

கேள்வி: 12 வயது மகளை டிராவல் அணி தேர்ந்தெடுத்து, இரண்டு நாளில் முன்பணம் கட்டச் சொல்கிறது. கல்லூரி ஸ்காலர்ஷிப்புக்கு இப்போதே சேர வேண்டும் என்கிறார் கோச். கட்டலாமா?

பதில்: ஸ்காலர்ஷிப் பேச்சை ஒதுக்கிவையுங்கள். என்சிஏஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) முதல் டிவிஷன் சாஃப்ட்பாலில், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் கல்லூரி கோச்சுகள் மாணவியிடம் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. உங்கள் மகளுக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். வருடம் முழுக்க வேறு விளையாட்டே கூடாது என்னும் அணி வேண்டாம்.

அவளுக்கு ரெக் லீக்கில் போட்டி போதவில்லை என்றால் டிராவல் நல்ல வழிதான். அப்படியானால் அணியில் மொத்தம் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஃபீல்டில் நிற்பது 9 பேர். அணியில் 11, 12 பேர் என்றால் நியாயம், 14 என்றால் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஐந்து பேர் வெளியே உட்காருவார்கள். உங்கள் மகள் பிட்சர் என்றால் இன்னும் எத்தனை பிட்சர்கள் என்பதும் முக்கியம். ஒருத்தியே ஒரு வாரக் கடைசியில் எல்லா ஆட்டமும் வீசினால் தோள் வலி வரும். கீழிருந்து வீசுவதால் கைக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லும் கோச்சை நம்பாதீர்கள்.

ஆயிரக்கணக்கில் கேட்கும் கட்டணத்தில் டோர்னமென்ட் நுழைவுத் தொகை, குளிர்கால உள்ளரங்க வாடகை, சீருடை எல்லாம் அடங்குமா என்று பட்டியலாகக் கேளுங்கள். பார்க்க வரும் பெற்றோருக்கே நுழைவுச் சீட்டு இருக்கும். சில டோர்னமென்ட்களில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும். வேறு இடத்தில் தங்கினால் அணியையே விலக்கலாம். நடுவில் அணி கலைந்தால், மகளுக்கு அடிபட்டால், கோச் மாறினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். இரண்டு நாளில் அதை எழுதித் தர முடியாத அணிக்கு இரண்டு நாளில் முன்பணம் கட்ட வேண்டியதில்லை.