நோயின் பக்கங்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கோத்தகிரியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சியில் தெரிந்தது. கோவையில் கீமோ நடந்துவருகிறது. அன்று முதல், இந்நோயோடு வாழ்ந்த பெண்கள் எழுதிய நினைவுக்குறிப்புகளையே தேடித்தேடி வாசிக்கிறேன். ‘வீட்டில் இப்படி இருக்கும்போது இதையெல்லாம் ஏன் படிக்கிறாய்’ என்று அம்மா கோபித்துக்கொள்கிறார்கள். நான் செய்வது தவறா? அக்காவுக்கு வாசித்துக் காட்டலாமா? (என் பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

தவறே இல்லை, வாசியுங்கள். ஆனால் அக்கா பிழைப்பாரா என்று அறிவதற்காகக் கடைசிப் பக்கத்தைத் தேடாதீர்கள். நோயின் நிலை என்ன, ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படுமா, புற்றணுக்களில் ஹெர்2 என்னும் புரதம் மிகுந்திருக்கிறதா என்பவற்றைப் பொறுத்துச் சிகிச்சையும் பலனும் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஹெர்2 வகைக்கான ட்ராஸ்டுசுமாப் மருந்தே 1998இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட நூலில் உள்ள மருத்துவம் உங்கள் அக்காவுக்கு நடப்பதல்ல. அந்தக் கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்த நூல்கள் எனக்குத் தந்தது வேறொன்று. குன்னூரில் இருந்த என் சித்திக்கு ஒரு மார்பை அகற்றினார்கள். பிறகு கரண்ட் வைப்பதற்காக, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்காக, வாரத்தில் ஐந்து நாளும் போகவேண்டியிருந்ததால், மலையிறங்கிக் கோவையில் அறையெடுத்துத் தங்கினோம். சித்திரை வெயிலிலும் சித்தி தன் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கழுத்துவரை பொத்தான் போட்டு, வலப்பக்க முழங்கையை மார்போடு ஒட்டியபடியே உட்கார்ந்திருப்பார். மலைக்காரிக்கு உடம்பு குளிருக்குப் பழகிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1980இல் வெளியிட்ட ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலை வாசித்தேன். 1978இல் ஒரு மார்பு அகற்றப்பட்டபின், செயற்கை மார்பு வைக்காமல் மருத்துவரைப் பார்க்கப் போன அவரிடம், இப்படி வருவது இங்குள்ள மற்றவர்களின் மனத்தைத் தளரச்செய்யும் என்கிறார் நர்ஸ். அந்த இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டேன். சித்தியிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை; சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஸ்வெட்டர் குளிருக்கானதல்ல, எங்களுக்கானது. அதைக் கேட்டுத் தெளிய இன்று சித்தி இல்லை. உங்களுக்கோ அக்கா பக்கத்திலேயே இருக்கிறார். நினைவுக்குறிப்புகளை வாசிக்கிற தங்கை நான் பார்க்கத் தவறியதைப் பார்த்துவிட முடியும்.

வாசித்துக் காட்டலாமா என்றால், அவராகக் கேட்கும்வரை வேண்டாம். ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், மார்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. முகத்தின்மேல் போட்ட மெல்லிய கைக்குட்டை வழியாகக் கத்தியின் பளபளப்பைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். எழுதியதும் தன் சகோதரிக்குத்தான். ஆனால் அக்கடிதத்தை எழுதி முடிக்க மாதக்கணக்கானது. எழுதியதைத் திரும்ப வாசிக்கவும் அவருக்குத் துணிவு வரவில்லை. அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வளவு எழுதத் தெரிந்தவருக்கே அத்தனை காலம் தேவைப்பட்டபோது, அக்காவின் மௌனத்துக்கும் அவகாசம் கொடுக்கத்தான் வேண்டும்.

அம்மாவின் கோபத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பயம். நோயின் பெயரைச் சொன்னாலே வந்துவிடும் என்று எண்ணி ‘அந்த வியாதி’ என்றே சொல்லிப் பழகிய தலைமுறை அது.

கீமோ முடிந்து மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது வளைவுகளில் அவருக்குக் குமட்டும். முன்னிருக்கையில் உட்காரவைத்து, கண்ணாடியைச் சற்றுத் திறந்துவையுங்கள். புத்தகம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். அது என்ன புத்தகம் என்று என்றாவது அவரே கேட்டால், அந்த நர்ஸ் வரும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.