நான்கு பக்கத்துக்கு ஒரு வரி

கேள்வி: பழைய தோழி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கைப்படக் கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். கிடைத்த அன்றே அதைப் படம் எடுத்து, ‘வந்தது, ரொம்ப சந்தோஷம்’ என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டுவிட்டேன். அதோடு சரி, மூன்று வாரமாக அவரிடமிருந்து பேச்சே இல்லை. உடனுக்குடன் பதில் சொன்னது ஒரு குற்றமா? கடிதம் எழுதுவது இன்பம், பெறுவது இன்பம் என்பதெல்லாம் பழசை நினைத்து ஏங்குகிறவர்களின் பேச்சுதானே? (ஒரு வாசகி)

பதில்: உடனே பதில் சொன்னதில் குற்றமில்லை. ஆனால் நீங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லையே! கடிதம் வந்து சேர்ந்தது என்ற தகவலைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். பதிவுத் தபாலைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் வாங்கிப் போகிற கையெழுத்தும் அதைத்தான் சொல்கிறது.

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். கடிதம் நான்கு பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். படம் எடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். தோழி பேசாத நாட்களைக்கூட எண்ணி வைத்திருக்கிறீர்கள். அந்த நான்கு பக்கத்திலும் அவர் என்ன சொல்லியிருந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. உங்கள் தோழி எதிர்பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான்கு பக்கம் கையால் எழுத, யோசித்து எழுதுகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கை வலிக்கும். நடுவில் எழுந்து போய்விட்டு வந்து, விட்ட இடத்தைப் படித்துப் பார்த்துத் தொடர வேண்டியிருக்கும். அவ்வளவு நேரமும் அவர் மனதில் நீங்கள் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தீர்கள். இதைச் சொன்னால் இவள் சிரிப்பாளா, இதைக் கேட்டால் வருத்தப்படுவாளா என்று உங்கள் முகத்தைப் பார்த்தபடியே எழுதியிருப்பார். கடிதத்தின் இன்பம் வாங்குகிறவருக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதுகிறவருக்குத்தான் அது முதலில் கிடைக்கிறது. எதிரில் இல்லாத ஒருவரோடு குறுக்கே யாரும் பேசாமல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுகிறோம். அப்புறம் உறையை ஒட்டித் தபால் பெட்டிக்குள் விடும்போது அடியில் விழும் சின்னச் சத்தம் ஒன்று கேட்கும். இனி அதைத் திருத்த முடியாது, திரும்ப வாங்கவும் முடியாது. போய்ச் சேரும் வரைக்கும் நாலைந்து நாள் அதை நினைத்துக்கொண்டே இருக்கலாம். இன்று கையில் கிடைத்திருக்கும், இந்நேரம் பிரித்திருப்பாள் என்று.

ஏக்கம் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்ற இடத்தில் ரோமானியர்களின் கோட்டை ஒன்று இருந்தது. அங்கே மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கி.பி. 100-ஐ ஒட்டிய காலத்தவை. அவற்றில் ஒன்று, கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழி சல்பீசியா லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைக்கும் கடிதம். அழைப்பை எழுத்தர் ஒருவர் எழுதியிருக்கிறார், சீரான கையெழுத்து. செவெரா அதோடு விடவில்லை. கீழே மிச்சமிருந்த இடத்தில், ‘சகோதரி, உன்னை எதிர்பார்த்திருப்பேன்’ என்று தொடங்கிச் சில வரிகளைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுத்தரின் கை அளவுக்குப் பழகிய கை இல்லை என்பது பார்த்தாலே தெரியும். ஒரு பெண் தன் கையால் எழுதி இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய லத்தீன் எழுத்துக்களில் ஒன்று அது. தேதியும் அழைப்பும் மேலேயே வந்துவிட்டன. ஆனாலும் தன் கையால் நாலு வரி போகாவிட்டால் தோழிக்குப் போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவளுக்கு எந்தப் பழங்காலத்தின் மீது ஏக்கம்?

என்னிடமும் ஒரு கடிதம் இருக்கிறது. அக்கா எழுதியது. இரண்டு பக்கம், நீல மை. பிள்ளைகளின் படிப்பு, மழை, அடுத்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் என்று எல்லாம் சாதாரண சேதி. முடிக்கும் இடத்துக்கு மேலே ஒரு வரியை மட்டும் அடித்திருந்தாள். லேசாக ஒரு கோடு இழுத்து விடவில்லை, நாலைந்து முறை அழுத்தி அடித்ததில் பேனா முள் காகிதத்தைக் கீறியிருந்தது. அதற்குக் கீழே, ‘லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ’ என்று இருந்தது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததும் அடித்தலுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. ‘தனியாகச் சமாளிக்க முடியவில்லை.’ அன்று ராத்திரியே கிளம்பிவிட்டேன். போனில் தட்டி அனுப்பியிருந்தால் அந்த வரியை அழித்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பாள். நானும் லீவு கிடைக்கும்போது போகலாம் என்று இருந்திருப்பேன்.

அவசரத்துக்குப் போன்தான், அதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. உடம்பு சரியில்லை என்ற சேதி ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்த காலத்தை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். பல நாடுகளில் கடிதங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்பதும் உண்மை. டென்மார்க்கின் தபால் சேவை 1624-இல் தொடங்கியது. அதன் வழிவந்த நிறுவனம் 2025 முடிவோடு கடிதம் கொண்டு சேர்ப்பதையே நிறுத்திவிட்டது, சிவப்புத் தபால் பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே கடிதம் அனுப்ப நினைப்பவர்கள் ஒரு தனியார் நிறுவனத்தைத் தேடிப்போக வேண்டும். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை. பில்லும் வங்கி அறிக்கையும் கணினிக்குப் போகட்டும், நல்லதுதான். ஒரு மனிதர் இன்னொருவருக்கு எழுதுவதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோமே!

கடிதம் போடுவது என்றைக்கும் சுலபமாக இருந்ததில்லை. பிரிட்டனில் 1840-க்கு முன்னால் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். தூரம் கூடினால் கட்டணம் கூடும், இன்னொரு தாள் சேர்ந்தால் அதற்கும் தனிக் கட்டணம். அதனால் ஒரு தாளை முழுவதும் எழுதி நிரப்பிவிட்டு, அதைத் திருப்பி வைத்து, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக அடுத்த பக்கத்தை எழுதினார்கள். அப்படிப்பட்ட கடிதங்களைப் பார்த்தால் வலை பின்னியது போல இருக்கும். அதையும் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் படித்தார்கள். உங்கள் தோழியின் நான்கு பக்கமும் ஒரே திசையில்தானே ஓடுகின்றன?

படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள், இருக்கட்டும். ஆனால் படம் இருக்கிறதே என்று தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓவியர் வான்கா தன் தம்பி தியோவுக்கு எழுதியதில் 600-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. தியோ அவற்றைச் சேர்த்து வைத்ததாலும், அவர் போன பிறகு அவர் மனைவி ஜோ காப்பாற்றியதாலும் மிஞ்சியவை அவை. தான் வரையப்போகிற ஓவியத்தை ஓரத்தில் சின்னதாகக் கிறுக்கிக் காட்டிய தாள்கள்கூட அவற்றில் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தாளில் குண்டூசியோ ஸ்டேப்ளர் பின்னோ இருந்தால் எடுத்துவிடுங்கள், துருப்பிடித்துக் காகிதத்தை அரித்துவிடும். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்துவிடாதீர்கள், காகிதத்துக்கு அது கெடுதல்.

சரி, பதிலுக்கு வருவோம். மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று கூசாதீர்கள், கடிதத்தில் தாமதத்துக்கு எப்போதும் இடம் உண்டு. கையெழுத்து நன்றாக இருக்காது என்று நீங்கள் சொல்லப்போவதும் தெரியும். அவருக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து, அழகான கையெழுத்து என்று அவர் கேட்கவில்லை. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு என்ன செய்வது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம். அவர் கடிதத்தைப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். நான்கு பக்கம் எழுதுகிறவர் நடுவில் எங்காவது உங்களை ஏதாவது கேட்டிருப்பார். பெரிய விஷயமாக இருக்காது. தூக்கம் வருகிறதா, அந்த முட்டி வலி எப்படி இருக்கிறது என்கிற மாதிரி ஒன்று. அந்த வரியைக் கண்டுபிடித்து, அதற்குப் பதிலாக முதல் வரியைத் தொடங்குங்கள்.